தேசிக்காய் போட்டுக் கழுவிய மின்வாய்கள்

1

நேற்றுக் காலை கண்ணைக் கசக்கிக்கொண்டு குசினிக்குள் வந்தால், பால்புக்கை வாசம். தைப்பொங்கல் போய் மாதக்கணக்காகிறது. மகளின் பிறந்தநாள் இனித்தான். கலியாண நாளாக இருக்குமோ என்று ஒருகணம் பயந்தேன். பிறகு, நாங்கள் ஆவணியில் கட்டியவர்கள், இது சித்திரை என்று தெளிந்தேன். தெளிந்த அளவுக்குக் குழப்பமும் கூடியது.

“என்னப்பா விசேஷம்?”

“உங்கடை வேலை போய் இண்டையோடை ஒரு வருஷம்,” என்றாள் பவளம். “சீனி காணுமோ எண்டு பாருங்கோ.”

சீனி காணும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பவளம் என் மனைவி. பகிடி விடுகிற ஆள் நான் என்றுதான் ஊரில் பெயர். பலேர்மோவுக்கு வந்தபின் அந்தப் பொறுப்பையும் அவளே எடுத்துக்கொண்டாள்; நான் ஆட்சேபிக்கவில்லை, ஆட்சேபிக்கிற பொறுப்பும் அவளிடம்தான் இருந்தது.

வேலை போன கதை ஊரில் உள்ளவர்களுக்குத் தெரியாது. வேலை கிடைத்த கதையே வேறு மாதிரித்தான் அங்கே போய்ச் சேர்ந்தது. கொழும்பில் இருக்கும் என் மைத்துனர், ‘அத்தான் இத்தாலியிலை ஆய்வுகூடத்திலை இருக்கிறார்’ என்று காண்பவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை நான் ஆய்வுகூடத்தில்தான் இருந்தேன். கையில் என்ன இருந்தது என்று அவரும் சொல்லவில்லை, கேட்டவர்களும் கேட்கவில்லை.

2

நாங்கள் இருப்பது பலேர்மோவில் சீசா என்கிற பகுதியில். அங்கிருந்து பஸ்ஸில் நாலைந்து தரிப்புத் தள்ளி, ஒரு தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் அந்தச் சின்னத் தனியார் ஆய்வுகூடம். கிணற்றுநீர், பவுசர் லொறியில் வந்து விற்கிற நீர், வைன், ஒலிவ்காய் ஊறவைத்த உப்புநீர் என்று எதையாவது போத்தலில் கொண்டுபோய்க் கொடுத்தால், அதற்குள் என்ன இருக்கிறது என்று சொல்லுவார்கள். இந்த நகரத்தில் குழாய்த்தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். வராத நாளில் கூரைமேல் தாங்கியில் கிடப்பதுதான் கதி. ஆகவே தண்ணீரில் சந்தேகம் உள்ளவர்கள் நிறைய. வியாபாரத்துக்குக் குறைவில்லை.

அதை நடத்தியவர் ஒரு பெண்மணி. பட்டம் பெற்றவர் என்பதால் எல்லாரும் ‘தொத்தொரேசா’ என்பார்கள், நானும் அப்படியே. சேர்ந்த முதல்நாள் என் அரைகுறை இத்தாலியனில், ஊரில் நான் உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பித்தவன் என்று சொல்லிவிட்டேன். நிலம் துடைக்கிற தடியைக் கையில் தரும்போது அவர் சற்றுத் தயங்கினார். அன்றுமுதல் நான் ‘புரொபெசோரே’. “புரொபெசோரே, குப்பைவாளி நிரம்பிவிட்டது.”

சன்னலோரம் ஒரு மேசையில் மூன்று மின்வாய்கள் நின்றன. இரண்டு பீஎச் அளக்க, மற்றது தண்ணீரில் நைத்திரேற்று அயன் அளக்க. ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளக் குச்சி. நுனி ஒரு சின்னக் குவளையில், உப்புக்கரைசலுக்குள் தோய்ந்தபடி.

கண்ணாடி மின்வாயின் படத்தைக் கரும்பலகையில் நான் கண்ணை மூடிக்கொண்டு கீறுவேன். உள்ளே வெள்ளிக் கம்பி. நுனியில் சவர்க்காரக் குமிழி மாதிரி மெல்லிய கண்ணாடி. அதன் தோலில் ஐதரசன் அயன்கள் வந்து குந்த, ஒரு சிறு மின்னழுத்தம் பிறக்கும். அதை அளந்தால் கரைசலின் புளிப்புத் தெரியும். இதைச் சொல்லிக்கொடுத்துப் பல பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் உண்மையில் இருந்தது லிற்மஸ் என்கிற பாசிச்சாயத்தாள் மட்டும். அதையும் பாதி பாதியாக வெட்டித்தான் கொடுப்போம். ஆகவே மின்வாயை முதன்முதலில் நேரில் கண்டபோது, அதை வெப்பமானி என்று நினைத்தேன்.

அது என்னவென்று விளங்கிய நாளில் தொத்தொரேசா சொன்னார்: “அந்த மேசையை மட்டும் தொட வேண்டாம், புரொபெசோரே.” இந்தச் சிசிலித் தீவில் எனக்குப் பாடமாகத் தெரிந்த ஒரே பொருள் அதுதான். தொடக்கூடாத ஒரே பொருளும் அதுதான்.

தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு காலையும் அவர் இரண்டு கரைசல் எடுப்பார். ஒன்றின் பீஎச் ஏழு, மற்றதினது நாலு என்று முன்கூட்டியே நிச்சயமானவை. மின்வாயை முதலாவதில் தோய்த்து, ‘இது ஏழு’ என்று பொறிக்குச் சொல்லிக்கொடுப்பார். பிறகு, ‘இது நாலு’. அதற்குப் பிறகுதான் அது ஊராருடைய தண்ணீரைப் பற்றி அபிப்பிராயம் சொல்லத் தொடங்கும். ஏன் தினமும் என்று கேட்டேன். அதன் அளவு ஓரிடத்தில் நிற்காது, விலகிக்கொண்டே போகும் என்றார்.

எனக்குப் பெரிய குழப்பமாகிவிட்டது. அதை ஒரு நீதவான் மாதிரியல்லவா பிள்ளைகளுக்குக் காட்டியிருந்தேன்? பாடப்புத்தகத்தில் விலகல் பற்றி ஒரு வரி இருந்ததா, நான் அதைத் தாண்டிப் போய்விட்டேனா என்று இன்றுவரை தெரியவில்லை. காலையில் எழும்பினால் ஏழு எது என்று மறந்துபோகிற ஒன்றை நம்பி ஒரு நகரமே தண்ணீர் குடிக்கிறது. அது எனக்கு ஆறுதலாக இருந்ததா, பயமாக இருந்ததா என்பதையும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

3

எங்கள் சனத்துக்குள் இங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒருவருக்குச் சுகமில்லை என்றால் வேலைக்கு லீவு போடுவதில்லை. வேலையிடத்துக் கதவுத் திறப்பை இன்னொருவரிடம் கொடுத்து அனுப்புவோம். மனைவி, ஒன்றுவிட்ட தம்பி, அறைத் தோழன் என்று ஆர் கைக்கெட்டுகிறாரோ அவர் போவார். முதலாளிமார் அநேகமாகக் கண்டும் காணாமல் விடுவார்கள். சிலர் உண்மையிலேயே காண்பதில்லை. என் சிநேகிதன் அன்ரன் மொண்டெல்லோவில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிறவன், மன்னார் ஆள். ஒரு குளிர்காலம் முழுக்கத் தன் தமையனுக்குப் பதிலாகப் போய், தமையனின் பெயராலேயே ஏச்சு வாங்கி, தமையனுக்கு வந்த நத்தார்ப் பண்டிகைக் கேக்கையும் வாங்கிக்கொண்டு வந்தான்.

போன வருஷம் சித்திரையில் எனக்குக் காய்ச்சல் வந்தது. அடுத்த கிழமை எங்கள் மூன்று பேருடைய பெர்மெஸ்ஸோவும் புதுப்பிக்க வேண்டும். பெர்மெஸ்ஸோ என்றால் இந்த நாட்டில் இருக்கலாம் என்கிற பத்திரம். அதற்கு வேலை தருகிறவர் ஒருவர் கையெழுத்து வைக்க வேண்டும். பவளம் இரண்டு தெரு தள்ளி சிஞ்ஞோரா என்று நாங்கள் சொல்லும் ஒரு வயோதிப இத்தாலிய அம்மாவுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வேலைக்குப் பத்திரம் கித்திரம் கிடையாது. ஆகவே நாங்கள் மூன்று பேரும் தொங்கிக்கொண்டிருந்தது என் நிலம் துடைக்கிற தடியில். அதுவரை ஒருநாள்கூட வேலை தவறக்கூடாது. பவளம் தானே போறன் என்றாள்.

முதல்நாள் மத்தியானம் கட்டிலில் கிடந்தபடி அவளுக்கு எல்லாம் விளங்கப்படுத்தினேன். வாளி எங்கே, துணி எங்கே, கண்ணாடிச் சாமான்களை எந்தத் தொட்டியில் கழுவுவது. பிறகு சன்னலோரத்து மேசைக்கு வந்தேன். மின்வாய் என்றால் என்ன, கண்ணாடியின் மேல்தோலில் என்ன நடக்கிறது, பொற்றாசியங் குளோரைட்டுக் கரைசலில் ஏன் அதை ஊறவைக்க வேண்டும் என்று அடிப்படையிலிருந்து தொடங்கினேன். ‘ஆகவே அந்த மேசையிலை கை வையாதை’ என்பது என் கடைசி வசனம். நான் அதற்கு வந்து சேர்ந்தபோது அவள் சந்தைக்குப் போய்விட்டிருந்தாள்.

மறுநாள் காலை ஒன்பதரைக்குப் பவளம் முகமெல்லாம் சிரிப்பாக, நல்ல புழுகத்தோடு திரும்பி வந்தாள்.

“உங்கடை ஆக்கள் மூண்டு கண்ணாடிக் குச்சியை ஊத்தைத் தண்ணிக்குள்ளை விட்டிட்டுப் போயிருக்கினம். வெள்ளை வெள்ளையா உப்புப் பூத்துக் கிடக்கு. ஆரும் கவனிக்கிறேல்லைப் போலை. தேசிக்காய் போட்டு நல்லா உரஞ்சி, துணியாலை துடைச்சு, கிளாசிலை தலைகீழா நிறுத்தி வெய்யிலிலை வைச்சிட்டு வந்தனான்.”

யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீரில் தேத்தண்ணி கொதிக்கவைத்து வளர்ந்தவர்களுக்கு இது விளங்கும். கேத்தலில் வெள்ளை படிந்தால் ஆராய்ச்சி கிடையாது. பாதித் தேசிக்காய், அந்தப் புளிச்சாறால் இரண்டு உரஞ்சு. சாமானைக் கழுவினால் ஈரத்தோடு விடக்கூடாது, வெய்யில் காட்ட வேண்டும். அவள் செய்ததில் எங்கள் ஊர்க் கணக்குப்படி ஒரு பிழையும் இல்லை. அந்தக் கண்ணாடித் தோல் காய்ந்தால் கருவிக்குப் புத்தி தடுமாறிவிடும் என்பதும், நைத்திரேற்றுக் குச்சியின் அயன் சவ்வை உரஞ்சினால் அதோடு சரி என்பதும் எங்கள் ஊர்க் கணக்கில் வராதவை.

என் காய்ச்சல் அந்த நிமிடமே விட்டது. வைத்தியத்தில் இதற்கு என்ன பெயரோ தெரியாது.

4

பின்னேரம் தொத்தொரேசாவிடமிருந்து தொலைபேசி வந்தது. பள்ளிக்கூடத்தால் வந்திருந்த மகள் கௌசிதான் எடுத்தாள். ஐந்து வயதில் இங்கே வந்தவள், இப்போது பதினைந்து. நான் தமிழில் கேட்டால் பாதிநேரம் இத்தாலியனில் பதில் வரும்; அவசரமென்றால் சிசிலிக்காரரின் இத்தாலியனில். அதைவிட அவசரமென்றால் வாயே திறக்காமல் நாடியை மேலே தூக்கி ‘ச்’ என்பாள். இந்த ஊரில் அதற்கு ‘இல்லை’ என்று பொருள். கனகாலமாக அவள் முகட்டில் எதையோ பார்க்கிறாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்தாள். கத்தினவவோ என்று கேட்டேன்.

“இல்லை. ஆறுதலாக் கதைச்சவ.”

அது கூடாத சகுனம். நாளைக் காலை ஒன்பது மணிக்கு வரட்டுமாம்.

அன்ரனைக் கூப்பிட்டு ஆலோசனை நடந்தது. பவளம், தான் செய்ததைத் தானே சொல்லுவேன் என்று நின்றாள். அது நடவாது என்றேன். திறப்பை வேறு ஆளிடம் கொடுத்தது தெரிந்தால் கையெழுத்தும் இல்லை, வேலையும் இல்லை. நானே கழுவினேன் என்று சொல்லுவதுதான் வழி. இரசாயனம் படிப்பித்த மனுசன் மின்வாயைத் தேசிக்காயால் உரஞ்சினான் என்றால் ஆர் நம்புவினம் என்று பவளம் கேட்டாள். அன்ரன், நம்புவினம், நம்புவினம் என்று கொஞ்சம் வேகமாகவே சொன்னான். பிறகு தன் பங்குக்கு ஒரு யோசனையும் தந்தான்: “ஒண்டும் கதையாதேங்கோ மாஸ்டர். அழுங்கோ. இஞ்சை அழுதா அரைவாசி அலுவல் முடிஞ்சமாதிரி.”

எனக்கு அழுகை வராது, விளக்கம்தான் வரும். கௌசி மேசையில் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். மொழிபெயர்க்க நாளைக்கு வாறியோ என்று கேட்டேன். முதற்பாடம் பிந்தினாலும் பரவாயில்லை, வாறன் என்றாள்.

5

மறுநாள் காலை ஆய்வுகூடத்தில், மின்வாய்கள் மறுபடி உப்புக்கரைசலில் நின்றன; மேலே உப்பும் மறுபடி பூக்கத் தொடங்கியிருந்தது. பார்க்க நோயாளிகளைப்போல் இருந்தன. தொத்தொரேசா மேசைக்குப் பின்னால், நானும் கௌசியும் முன்னால். பவளம் தன்பாட்டில் வந்து கதவோரக் கதிரையில் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

நான் தமிழில் தொடங்கினேன். காய்ச்சலின் உச்சத்தில் கடமையுணர்ச்சியோடு வந்தது, தலைச்சுற்றில் மேசை மாறியது, உப்புப் படிவைக் கண்டதும் பழைய ஆசிரியப் புத்தியில் அதை அகற்ற முற்பட்டது, மேற்பரப்பில் நீரிழப்பு ஏற்படும் என்பதை அறிந்தும் அக்கணத்தில் மறந்தது என்று, முன்னுரை முடிவுரையோடு சொன்னேன். பொய்தான். ஆனால் கட்டுக்கோப்பான பொய்.

கௌசி பொறுமையாகக் கேட்டாள். பிறகு தொத்தொரேசாவைப் பார்த்து, விரல்களைக் குவித்து ஆட்டியபடி, இரண்டே வசனம் சொன்னாள். அவ்வளவு பெரிய பேச்சு இரண்டு வசனத்துக்குள் எப்படி அடங்கியது என்று நான் யோசிப்பதற்குள், தொத்தொரேசா எழும்பி அலுமாரிக்குப் போனார். இரண்டு கண்ணாடி முகவைகளை எடுத்துவந்து சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஒன்று கண்ணாடியே இல்லாதது மாதிரித் துலங்கியது. மற்றதில் பால் கழுவி ஊற்றிய மாதிரி ஒரு மங்கல். துலங்கியதைக் காட்டி, அது நேற்றையது என்றார். மங்கலைக் காட்டி, அது முந்தநாளையது என்றார். இவ்வளவு எனக்கே விளங்கியது. அதற்குப் பிறகு அவர் வேகமாகப் பேசத் தொடங்க, நான் மகளைப் பார்த்தேன்.

“அப்பா, நீங்கள் கழுவின கிளாசுகளை அவ ஒவ்வொருநாளும் திருப்பிக் கழுவுறவவாம்.”

“எப்ப தொடக்கமாம்?”

“நீங்கள் சேர்ந்த நாள் தொடக்கமாம்.”

அப்ப ஏன் சொல்லவில்லையாம் என்று கேட்கச் சொன்னேன். கௌசி கேட்டாள். தொத்தொரேசா முகவையைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்சம் வெட்கப்பட்டமாதிரி ஏதோ சொன்னார்.

“ஒரு புரொபெசோரேக்கு அதை எப்பிடிச் சொல்லுறதாம்.”

பிறகு அவர் என்னை விட்டுவிட்டுப் பவளத்தைப் பார்த்தார். அவருக்குப் பவளமும் சிஞ்ஞோராதான்: திங்கட்கிழமை தொடக்கம் சிஞ்ஞோராவால் வேலைக்கு வர ஏலுமோ? ஒப்பந்தத்தைச் சிஞ்ஞோராவின் பெயருக்கு மாற்றி, பெர்மெஸ்ஸோவுக்குத் தேவையான கையெழுத்தை இப்பவே வைக்கிறேன் என்றார். இரண்டு மின்வாய் பிழைத்துக்கொள்ளும். நைத்திரேற்றுக்காரனுக்குப் புதுச் சவ்வுதான். ஆனால் ஒரு நிபந்தனை: அந்த மூன்றும் ஊத்தையாகவே நிற்க வேண்டும்.

கௌசி தமிழில் சொன்னாள். பவளம் அந்த உப்புப் பூப்பை ஒருமுறை பார்த்தாள். அவளுடைய கை பையின் வாரை இறுக்கிப் பிடித்தது.

“அவையின்ரை சாமான். ஊத்தையா இருக்கோணுமெண்டா இருக்கட்டும்,” என்றாள். “வாறன் எண்டு சொல்லு.”

6

பஸ்ஸில் எனக்கும் மகளுக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. நான் சொன்னதை நீ சொன்னியோ என்று கேட்டேன். நாடி மேலே போனது.

“அப்ப என்ன சொன்னனி?”

“அம்மா கழுவினவ, அப்பா தான்தான் கழுவினதெண்டு ஒரு பெரிய கதை சொல்லிக்கொண்டிருக்கிறார் எண்டு.”

“ஏன் பிள்ளை அப்பிடிச் சொன்னனி?”

“அவவுக்கு முதலே தெரியும். அம்மா போனதை வாசல்காரர் கண்டவர். போனிலை முதற்கேள்வியே, வந்த பொம்பிளை ஆர் எண்டுதான்.”

அதை நேற்றே சொல்லியிருக்கலாமே என்றேன்.

“சொல்ல வந்தனான். நீங்களும் அன்ரன் மாமாவும் கதைக்க இடம் தரேல்லை.”

பொய் சொல்லச் சொன்னதற்கு நான் வெட்கப்படுவதா, சொல்லாததற்கு அவள்மேல் கோபப்படுவதா, அல்லது இந்த வீட்டில் கடைசியாக விஷயம் தெரியவருகிற ஆள் எப்போது தொடக்கம் நானானேன் என்று விசாரிப்பதா? ஒன்றும் பிடிபடாமல் சன்னலுக்கு வெளியே பார்த்தேன். முன் இருக்கையில் பவளம், திங்கட்கிழமைக்கு எந்தச் சப்பாத்து நல்லது என்று ஆரையும் கேட்காமல் தனக்குத்தானே கதைத்துக்கொண்டு வந்தாள்.

அவள் விட்ட இடத்தை நான் எடுத்தேன். வழக்கம் அப்படித்தானே, திறப்பு கைமாறும். வயோதிப சிஞ்ஞோராவுக்கு இப்போது நான்தான் சமைக்கிறேன். என் தக்காளிக் குழம்பு கூடாது என்று அவர் தினமும் நேரேயே சொல்லுகிறார். அவருக்கு நான் புரொபெசோரே என்று தெரியாது. இந்தமுறை நான் அதைச் சொல்லவில்லை.

7

அடுத்த கிழமை புதன் கியூஸ்துராவுக்குப் போனோம். பொலிஸ் கந்தோரில் வெளிநாட்டவருக்கான பகுதி. விடியமுன்னரே வந்து நின்ற வரிசை கட்டடத்தைச் சுற்றி வளைந்திருந்தது. கௌசிக்கு அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் சோதனை; வரவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக நாங்கள் இரண்டுபேரும் வாயில்லாமல் அந்தக் கந்தோர்ச் சன்னலுக்கு முன்னால் நின்றோம்.

பவளத்தின் அலுவல் முடிய நேரம் எடுக்கவில்லை. கையெழுத்து இருந்தது, ஒப்பந்தம் இருந்தது, முகத்தில் ஒரு தெளிவும் இருந்தது. அடுத்தது நான். சன்னலுக்குப் பின்னால் நரைத்த மீசைக்காரர் ஒருவர் என் பழைய பத்திரத்தை எடுத்தார். அதில் ‘தொழில் நிமித்தம்’ என்று இருந்தது. புதிய விண்ணப்பத்தில் தொழில் இல்லை. ஏன், எப்படி, எதை வைத்து இங்கே இருக்கப் போகிறீர் என்று கேட்டார்.

வேலை போகவில்லை, மனைவியிடம் போயிருக்கிறது என்று சொல்ல வேண்டும். அவளுடைய வேலை என்னிடம் இருக்கிறது, ஆனால் அதற்குப் பத்திரம் இல்லை என்பதைச் சொல்லக்கூடாது. மின்வாய்க் கதையைத் தொடங்கினால் பின்னால் நிற்பவர்கள் அடிப்பார்கள். எல்லாம் தமிழில் ஒழுங்காக அடுக்கி நின்றன; இத்தாலியனில் ஒன்றும் வரவில்லை. மீசைக்காரர் பேனையை மேசையில் தட்டினார். எங்கள் மூன்று பேரில் ஒருவர் அந்த மேசையில் பத்திரமில்லாமல் விழுந்துவிடப் போகிறார், அது நான்தான் என்று தெரிந்தது.

“சொல்லுங்கோவன்,” என்றாள் பவளம்.

“தீபெந்தோ தா மியா மொலியே,” என்றேன். நான் என் மனைவியில் தங்கியிருக்கிறேன், அவளை நம்பித்தான் என் சீவியம். ஆருடைய உதவியுமில்லாமல் இந்த நாட்டு அரசாங்கத்துக்கு நான் சொன்ன முதலாவது முழு வசனம் அது.

மீசைக்காரர் தலையை நிமிர்த்தவில்லை.

“ஆங்கியோ,” என்றார். நானும்தான்.

முத்திரையை எடுத்துக் குத்தினார். பத்திரம் சன்னலுக்குக் கீழால் வந்தது: ஒரு வருஷம், குடும்ப நிமித்தம்.

அந்த மனிதர் என்னைப் பகிடி பண்ணினாரா, ஆறுதல் சொன்னாரா, அல்லது வரிசையில் நிற்கிற ஒரு அந்நியனிடம் தன் மனக்குறையை இறக்கினாரா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வெளியே வந்து பஸ்தரிப்பில் நிற்கும்போது, அவர் என்ன சொன்னவர் என்று பவளம் கேட்டாள். சொன்னேன்.

“பாவம்,” என்றாள்.

ஆரைச் சொன்னாள் என்று கேட்கப் பார்த்தேன். பஸ் வந்தது.